தூக்குக் கயிறும் "அப்புறம்" என்ற சொல்லும்

தொங்குகிறான் சிறுவன்! கைகள் பின்னே கட்டப்பட்டு, கழுத்திலே சுருக்கு இறுகி, கருவாலி மரத்தின் கிளையிலே, காற்று வீசும் பக்கமெல்லாம் ஆடி ஆடி, கடைசியில் விறைத்துப் போகிறான். கதை முடிந்தது என்று எழுதுகோலைக் கீழே வைக்கிறார் ஆசிரியர்.

எந்தக் கொலைக்களத்தின் காட்சி இது? குழந்தைகளுக்கென்றே வெளிவந்த ஏட்டில் இடம்பெற்ற காட்சி, தோழர்களே! 1881-ஆம் ஆண்டு, உரோம் நகரத்துச் சிறுவர் வார ஏடு ஒன்றில் கார்லோ கொல்லோடி தீட்டிய 'பினோக்கியோ' தொடர்கதை முதலில் இப்படித்தான் முடிந்தது.

மரத்தில் செதுக்கப்பட்ட அந்தப் பாலகன் செய்த குற்றம் என்ன? தந்தை தன் மேற்சட்டையை விற்று வாங்கித் தந்த பாடநூலை விற்றுவிட்டுப் பொம்மலாட்டம் பார்க்கப் போனான். இரவிலே போகாதே என்ற எச்சரிக்கையை மீறினான். கயிற்றை மாட்டியவர்கள் காசு பறிக்க வந்த கயவர்கள். ஆயினும், சொல் கேளாப் பிள்ளைக்குக் கிடைத்த கூலி இதுவே என்பதுதான் கதை புகட்ட முனைந்த பாடம்.

அக்காலத்து ஐரோப்பாவுக்கு இது புதிதன்று. 1845-இல் பிராங்க்பர்ட் நகர மருத்துவர் ஹாஃப்மன் வெளியிட்ட படநூலிலே, விரல் சூப்பிய சிறுவனின் கட்டைவிரல்களைக் கத்தரிக்கோல் வெட்டி வீழ்த்தும். தீக்குச்சியோடு விளையாடிய சிறுமி சாம்பலாவாள். அச்சம் என்ற அடித்தளத்தின்மீது அடக்கம் என்ற மாளிகை!

ஆனால், உரோமில் நடந்ததென்ன? கதை படித்த குழந்தைகள் நடுங்கி ஒடுங்கவில்லை. "அப்புறம்?" என்று கேட்டார்கள்! கதை தொடர வேண்டும் என்ற குரல் எழுந்தது, பத்திரிகை இணங்கிற்று, பேனா பணிந்தது. 1882 பிப்ரவரியிலே தொடர்கதை மீண்டும் வந்தது. வல்லூறு பறந்து வந்து கயிற்றை அறுத்தது. எழுதியவர் விதித்த தூக்குத் தண்டனையைப் படித்தவர்கள் நீக்கிவிட்டார்கள்! 1883-இல் நூலாகி உலகைச் சுற்றிய அந்தக் காவியம், குழந்தைகளின் கேள்வி ஈன்றெடுத்த பிள்ளை.

அந்தப் பாவை எப்போது மனிதனானான்? அடங்கிக் கிடந்தபோதா? இல்லை. சுறாவின் இருண்ட வயிற்றிலே, தொலைவில் தெரிந்த மங்கிய ஒளி எதுவெனக் காணப் புறப்பட்டான். அங்கே தந்தையைக் கண்டான். முதுகில் சுமந்து கடலில் நீந்தினான். நோயுற்ற தந்தைக்கு ஒரு குவளைப் பால் வேண்டி நாள்தோறும் நீர் இறைத்தான். எவரிட்ட கட்டளை? எவருமில்லை! கீழ்ப்படிதலுக்கு இலக்கணமாக இவனைக் காட்ட முடியாவிடினும் பாராட்டுக்குரியவனே என்றல்லவா அக்கதையின் தேவதையே தீர்ப்புரைக்கிறாள்!

"தீயைத் தொடாதே என்றுகூடச் சொல்லக் கூடாதா?" என்பீர். சொல்லுங்கள், சுடும் என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் அறிந்த பிள்ளை, நீங்கள் இல்லாத நேரத்திலும் தீயைத் தொடாது. அச்சத்தால் அடங்கிய பிள்ளையோ, நீங்கள் வாசலைத் தாண்டும்வரைதான் அடங்கியிருக்கும்.

"கட்டுப்பாடு, கட்டுப்பாடு என்று மேடைதோறும் முழங்கும் நீயா இதைப் பேசுவது?" என்றும் கேட்பீர். கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும்! கேட்டு, வாதாடி, தெளிந்து, பிறகு தோளோடு தோள் நிற்பது கட்டுப்பாடு. கேட்குமுன்பே தலையாட்டுவது பொம்மலாட்டம். முன்னது இயக்கத்தை வளர்க்கும்; பின்னது, கயிறு கைமாறும் நாளில் எதிரியின் மேடையிலும் ஆடும்!

ஏன் என்று கேட்டதற்காக வகுப்பிலே பெஞ்சின்மேல் ஏற்றப்பட்டவன் நான். அன்று வலித்தது கால் அல்ல. அதன்பின் ஆண்டுக்கணக்கில் நான் கேட்காமல் விழுங்கிய கேள்விகளே வலித்தன.

ஆகவே தோழர்களே, படிப்பகத்துக்குச் சிறுவர் நூல் வாங்கும்போது, குழந்தையின் வாயை மூடும் நூலா, திறக்கும் நூலா என்று புரட்டிப் பாருங்கள். இன்றிரவு கதை சொல்கையில் உங்கள் பிள்ளை "அப்புறம்?" என்று கேட்டால், "பேசாமல் தூங்கு" என்னாதீர்! ஒரு கழுத்தின் கயிற்றை அறுத்த சொல் அது.