பெயரைத் தடுக்கும் வாசல்

இணையப் படிவத்தில் நாம் தட்டச்சு செய்யும் பெயர் நேராகத் தரவுத்தளத்தில் போய் அமர்ந்துவிடுவதில்லை. பெரும்பாலும் ஜேசன் வடிவில், வெறும் எழுத்துச் சரமாக அது சர்வரை வந்தடைகிறது. அதைப் பிரித்து, எண்ணா தேதியா சொல்லா என்று சரிபார்த்து, நிரலுக்குள் பயன்படும் பொருளாக மாற்றும் வேலையை டீசீரியலைசேஷன் என்கிறோம். பைத்தான் மொழியின் ஜாங்கோ ரெஸ்ட் பிரேம்வொர்க்கில் இதைச் செய்வது சீரியலைசர்.

இந்தக் காவல் அவசியமானது. 2012 மார்ச்சில் கிட்ஹப் தளத்தில், படிவத்தில் இல்லாத ஒரு புலத்தையும் கோரிக்கையோடு சேர்த்து அனுப்பிய பயனர் ஒருவர், ரெயில்ஸ் குழுவின் கணக்கிலேயே தம் சாவியை நுழைத்துவிட்டார். வந்ததையெல்லாம் ஏற்றுக்கொண்டதன் விளைவு அது. ஜாங்கோவின் சீரியலைசரோ நாம் அறிவிக்காத புலத்தைக் கண்டுகொள்வதில்லை. சரிபார்ப்பு முடியுமுன் தரவைக் கேட்டால் பிழை காட்டி நிறுத்திவிடும். நல்ல காவல்காரன்தான்.

ஆனால், அந்தக் காவல்காரனுக்குக் கட்டளை எழுதுவது யார்? நம்மைப் போன்ற நிரலர்கள்தாமே!

'பெயரில் எழுத்துகள் மட்டுமே வரலாம்' என்று ஒரு வரி எழுதிவிடுகிறோம். மலேசியத் தமிழர் பலரின் அடையாள அட்டையில் உள்ள ஏ/எல், ஏ/பி என்பவையும், சிங்கப்பூரின் எஸ்/ஓ, டி/ஓ என்பவையும் அந்த ஒரு வரியில் செல்லாதவை ஆகிவிடுகின்றன. சாய்கோட்டை நீக்கிச் சேர்த்து எழுதினால், அடையாள அட்டையோடு பெயர் பொருந்தவில்லை என்று இன்னோர் இடத்தில் விளக்கம் சொல்லி நிற்க வேண்டும். குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கும் படிவம் அடுத்த தொல்லை. நம்மில் பெரும்பாலோருக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரை அங்கே போட்டால், 'அன்புள்ள முனியாண்டி' என்று மகளுக்கு மின்னஞ்சல் வரும்.

யூனிகோடு வந்துவிட்டதே, தமிழுக்கு இனி என்ன குறை என்பாரும் உண்டு. 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்து, இது முழுக்க எழுத்துகளா என்று பைத்தானின் இஸ்ஆல்ஃபா செயற்கூற்றிடம் கேட்டுப் பாருங்கள். இல்லை என்று சொல்லும்! யூனிகோடு வகைப்பாட்டில் நம் புள்ளியும் கொம்பும் காலும் எழுத்துகள் அல்ல, குறிகள். உயிரெழுத்தும் அகர உயிர்மெய்யும் மட்டுமே கொண்ட பெயர்கள் தப்பிக்கும். அப்படி எத்தனை பேர் இருக்கிறோம்? நீளத்திலும் இதே கதை. நமக்கு மூன்றெழுத்தான 'தமிழ்', பைத்தானுக்கு 5 குறியீடுகள், யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். ஆங்கிலப் பெயரை மனத்தில் வைத்து வகுத்த நீள வரம்பு நம் பெயரைப் பாதியில் நிறுத்தும்.

பாதுகாப்புக்காகத்தானே இந்த விதிகள் என்பது பலவீனமான வாதம். தரவுத்தளத்தைக் காக்க அளவுருவிட்ட வினவல் இருக்கிறது. பக்கத்தைக் காக்க, வெளியிடும்போது குறிகளை மாற்றும் முறை இருக்கிறது. சாய்கோட்டைத் தடுப்பது இவற்றில் எதற்கும் ஈடாகாது. பெயருக்கு ஒரே புலம் போதும்; காலியாக இல்லாதிருப்பதும் தாராளமான நீள வரம்பும் போதும். கடுமையை வேண்டாத புலங்களிடம் காட்டுங்கள்.

கணினித் துறையில் பயிலும் நண்பர்களே, வகுப்புப் பணிக்காக எழுதும் சிறு செயலியானாலும், சோதனைத் தரவில் ஜான் ஸ்மித்துக்குப் பக்கத்தில் சாய்கோடு உள்ள ஒரு பெயரையும் தமிழில் எழுதிய ஒரு பெயரையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்.