சோற்றுச் சட்டியே பள்ளிக்கூடம்

நாய்க்குச் சோறு வைப்பதற்கும் ஒரு சாத்திரம் வேண்டுமோ என்று வாசகர் நகைக்கலாம். வேண்டும் என்பதே நமது கட்சி.

மட்டக்களப்பையும் கல்முனையையும் இணைக்கும் பிரதான வீதி களுவாஞ்சிக்குடியை ஊடறுத்துச் செல்கின்றது. படலையைத் தாண்டி ஓடும் நாய் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாவிடின் அதன் உயிருக்கு உறுதியில்லை. அக்குரலுக்கு அதனைப் பழக்குவதற்குத் தடியினும் சோற்றுச் சட்டியே சிறந்த கருவியாகும்.

நாய்க்கு உணவிடும் முறை மூவகைப்படும். சட்டி நிறைய வைத்துவிட்டு, வேண்டும்போது தின்னட்டும் என்று விடுவது ஒன்று. நமது வெப்பத்தில் மீன் கலந்த சோறு விரைவில் பழுதாகிவிடும். காகமும் எறும்பும் பங்குக்கு வரும். மிஞ்சினால் இடுவதும், மிஞ்சாவிடின் மறப்பதும் இரண்டாவது. அயல் வளவுகளில் அலைவது பெரும்பாலும் இத்தகைய நாயே. குறித்த நேரத்தில் அளவாக இடுவது மூன்றாவது. வளர்ந்த நாய்க்கு இருவேளை போதும். சிறு குட்டிக்கு மூன்று நான்கு வேளை வேண்டும்.

இம்மூன்றாவது முறையே பயிற்சிக்கு உகந்தது. உணவுக்கு முன் ஓர் ஓசையை இடைவிடாது கேட்பித்து வந்தால், பின்னர் அவ்வோசை கேட்ட அளவிலேயே நாய்க்கு வாயூறும் என்பதை உருசிய அறிஞர் பவ்லோவ் காட்டினார். நம் வீட்டில் அவ்வோசை நாயின் பெயராக இருக்கட்டும். ஒவ்வொரு வேளையும் பெயரை ஒருமுறை மட்டும் விளித்து, வந்தவுடன் முதற் கவளத்தைக் கையாற் கொடுக்கவேண்டும். முதலில் அருகிலிருந்தும், பின்னர் கிணற்றடியிலிருந்தும், அதன்பின் படலையடியிலிருந்தும் அழைக்கலாம். தாமதித்து வந்தாலும் அடிக்கலாகாது. அடித்தால், அழைப்பென்றால் அடி என்றே அது கற்றுக்கொள்ளும்.

தின்னும் நாயின் சட்டியைப் பறித்து அதன் பொறுமையைச் சோதிப்பதும் தவறு. பறிகொடுத்த நாயே அடுத்தமுறை உறுமும். அவ்வேளையில் சிறுவரை அதன் அண்டையில் விடலாகாது.

சோறு நாய்க்கு ஆகாது என்று அஞ்சவேண்டியதில்லை. ஓநாயைவிட நாய் மாப்பொருளை நன்கு சீரணிக்க வல்லது என்பதை 2013இல் வெளியான மரபணு ஆராய்ச்சி தெளிவாக்கியது. ஆயினும் வெறுஞ்சோறு போதாது. முள் நீக்கிய மீனோ முட்டையோ சேரவேண்டும். வெங்காயம், சொக்கிளேற், சமைத்த கோழியெலும்பு ஆகியவற்றை விலக்குக. வலையிலிருந்து கரையில் எறியப்படும் பேத்தை மீனை நாய் அணுகவிடலாகாது. அதன் நஞ்சு சமைத்தாலும் தீராது.

நாளைக் காலைச் சோற்றிலேயே பாடத்தைத் தொடங்கலாம். மேலதிகச் செலவு ஏதுமில்லை; எப்படியும் இடப்போகும் சோறுதானே!