சும்மா வந்த எஸ்.எம்.பி.எஸ்.

வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வது பிரம்ம வித்தை இல்லை சார். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஆளைக் கவிழ்ப்பது பார்ட்ஸ் லிஸ்ட்தான்.

ஆபீஸ் தம்பி ஒருவர், ஆறு மாதச் சேமிப்போடு ரிச்சி ஸ்ட்ரீட் போய் எழுதி வந்த லிஸ்ட்டை நீட்டினார். கலர் லைட் ஃபேன் மட்டும் ஆறு! மாரியம்மன் கோயில் சீரியல் செட் தோற்றது.

“எஸ்.எம்.பி.எஸ்.?”

“கேபினட்டோட சும்மா வருது சார். 450 வாட்ஸ்!” மொபைலில் ஸ்டிக்கர் போட்டோ காட்டினார்.

அந்தப் பெரிய நம்பரை நம்பாதீர்கள். பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் பெரும்பாலும் படியளப்பது 12 வோல்ட் லைன். அதன் ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். தம்பியின் ஸ்டிக்கரில் 18 ஆம்பியர். ஆக, 216 வாட்ஸ். லிஸ்ட்டில் இருந்த ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டே 170 கேட்கும். மிச்சம் 46-ல் பிராசஸர் பட்டினி!

மட்டமான எஸ்.எம்.பி.எஸ். புகைந்தால் தனியாகப் போகாது. துணைக்கு மதர்போர்டையும் அழைத்துப் போனாலும் போகும்.

அதனால், முதலில் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குக் காசை எடுத்து வையுங்கள். சீரியல் செட்டை அடுத்த போனஸில் பார்த்துக்கலாம்!