85 கிராம் கப்பி, 80 கிலோ மனிதர்: மலை மீட்பில் கயிறு இழுக்கும் கணக்கு என்ன?

2022 பிப்ரவரி 7. கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் மலம்புழா அருகே மலை ஏறிய 23 வயது இளைஞர், இறங்கும்போது வழுக்கி விழுந்து செங்குத்துப் பாறையின் இடுக்கில் சிக்கிக்கொண்டார். கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரால் அவரை நெருங்க முடியவில்லை. குன்னூர் அருகே வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்திலிருந்து ஒரு ராணுவக் குழு சாலை வழியாக வந்தது. பெங்களூருவிலிருந்து இன்னொரு குழு சூலூருக்கு விமானத்தில் வந்து சேர்ந்தது. பிப்ரவரி 9 காலை, 40 மணி நேரத்துக்கும் மேலாகத் தவித்த அவரிடம் ஒரு வீரர் கயிற்றில் இறங்கி, தண்ணீர் கொடுத்து, தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மேலே வந்தார். டிவியில் அதைப் பார்த்த பலருக்கும் மனதில் நிற்பது அந்த வீரரின் துணிச்சல்தான். ஆனால் உச்சியில் கயிற்றைப் பிடித்து இழுக்க நிறையக் கைகள் இருந்தன என்பதையும் கவனிக்க வேண்டும்.

அந்தக் கைகள் இல்லையென்றால் என்ன செய்வது? இமயமலையின் பனிப்பாறைகளில் இரண்டு பேர், மூன்று பேர் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். ஒருவர் பனிப்பிளவுக்குள் விழுந்தால், அவரை மேலே கொண்டுவர இருப்பது இன்னொருவர் மட்டும்தான். உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கப்பிக்கு அங்கேதான் மதிப்பு.

கிணற்றுக் கப்பி செய்யாத வேலை

‘கப்பி மாட்டினா பாரம் பாதியாக் குறையும்’னு நினைக்கிறவர்கள் நிறைய. வீட்டுக் கிணற்றை ஞாபகப்படுத்திக்கொண்டால் போதும். மேலே கட்டியிருக்கும் கப்பி, குடத்தின் எடையில் ஒரு கிராம்கூட குறைப்பதில்லை. மேல்நோக்கித் தூக்க வேண்டியதைக் கீழ்நோக்கி இழுக்க வைக்கிறது, அவ்ளோதான். பள்ளிப் பாடத்தில் இதற்குப் பெயர் நிலைக்கப்பி. உண்மையில் உராய்வால் கொஞ்சம் கூடுதலாகவே இழுக்க வேண்டும். பாரத்தோடு சேர்ந்து நகரும் இயங்கு கப்பிதான் சுமையைப் பங்கு போடுகிறது.

இதில் யாரும் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. 80 கிலோ ஆள் ஒரு பக்கம் தொங்க, மறுபக்கம் அதே அளவு இழுத்தால், கப்பியைக் கட்டியிருக்கும் பிடிமானத்தில் விழுவது 160 கிலோவுக்கும் மேல். பனியில் அவசரமாகப் புதைத்த கோடாரியை நம்பி இதைச் செய்ய முடியாது.

மூன்றுக்கு ஒன்று

மலை மீட்பில் அடிப்படையாகச் சொல்லித்தரப்படுவது, கயிற்றை ஆங்கில ‘இசட்’ எழுத்து வடிவில் மடக்கும் முறை. பாரம் தொங்கும் கயிறு மேலே பிடிமானத்தில் உள்ள கப்பியைச் சுற்றி வருகிறது. அங்கிருந்து திரும்ப இறங்கி, பாரக் கயிற்றிலேயே முடிச்சுப் போட்டுக் கட்டிய இன்னொரு கப்பியைச் சுற்றி, இழுப்பவர் கைக்குப் போகிறது. உராய்வே இல்லையென்றால் 80 கிலோவைத் தூக்க சுமார் 27 கிலோ அளவுக்கு இழுத்தால் போதும். இலவசம் இல்லை: ஆள் ஒரு மீட்டர் உயர, மூன்று மீட்டர் கயிறு இழுக்க வேண்டும்.

நிஜத்தில் உராய்வு உண்டு. பால் பேரிங் வைத்த நல்ல சிறு கப்பியின் திறன் சுமார் 91 சதவீதம். கப்பி இல்லாமல் காரபைனர் கொக்கியிலேயே கயிற்றைச் சுற்றினால் அது ஏறத்தாழ 50 சதவீதம். இரண்டு இடத்திலும் கப்பி இருந்தால் இழுக்க வேண்டியது சுமார் 29 கிலோ. இரண்டிலும் வெறும் காரபைனர் என்றால் 46 கிலோ. ‘மூன்றுக்கு ஒன்று’ என்று சொல்லிக்கொண்டாலும் கையில் கிடைப்பது 1.75 மடங்குதான். வழுக்கும் பனியில், கையுறை போட்டுக்கொண்டு, தனி ஆளாக 46 கிலோவை விடாமல் இழுத்துக்கொண்டே இருப்பது பெரும்பாலானவர்களால் ஆகாது.

ஒரே ஒரு கப்பிதான் இருக்குன்னா?

பையின் எடையைக் குறைக்க ஒன்றை மட்டும் எடுத்துப்போகிறவர்களே அதிகம். அதை எங்கே மாட்டுவது? பலரும் கை வைப்பது மேலே உள்ள பிடிமானத்தில். கணக்கு வேறு சொல்கிறது. கப்பி மேலே, காரபைனர் கீழே என்றால் இழுக்க வேண்டியது சுமார் 41 கிலோ. இடத்தை மாற்றி, இழுப்பவர் கைக்குப் பக்கத்தில் உள்ள நகரும் மடக்கில் கப்பியை வைத்தால் 34 கிலோ. கை கொடுக்கும் விசை முதலில் சந்திக்கும் இடத்திலேயே பாதி வீணாகிவிட்டால், அடுத்தடுத்த மடக்குக்குப் போவதும் பாதிதான் என்பதே காரணம்.

ஆனால் இழுத்த கயிறு திரும்ப நழுவாமல் பிடித்துக்கொள்ள ஒரு பூட்டு மேலே வேண்டும். பூட்டும் கப்பியும் ஒன்றாகச் சேர்ந்த கருவி மட்டுமே இருந்தால் அது மேலேதான் போகும், வேறு வழியில்லை. அதனால்தான் பூட்டு உள்ளது ஒன்று, சாதாரணக் கப்பி ஒன்று என்று இரண்டாகக் கொண்டுபோவது நல்ல யோசனை. கூடுதல் எடை ஒரு சின்னச் சாக்லெட் பார் அளவுகூட இருக்காது.

எதைப் பார்த்து வாங்குவது?

கட்டுமான இடத்துக்கு விற்கும் இரும்புக் கப்பியோ, விலை குறைவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத அலுமினியக் கப்பியோ இதற்கு உதவாது. மலையேற்றக் கப்பிக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 12278, சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பின் தரம் யு.ஐ.ஏ.ஏ. 127. உடலில் எத்தனை கிலோநியூட்டன் தாங்கும், எத்தனை மில்லிமீட்டர் கயிறு போகும் என்று பொறித்திருக்க வேண்டும். ஒரு கிலோநியூட்டனை ஏறத்தாழ 100 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து சக்கரம். பெரிதாக இருந்தால் கயிறு குறைவாக வளையும், இழுப்பதும் சுலபம். எடை குறைந்த கப்பிகள் இதில்தான் விட்டுக்கொடுக்கின்றன. பேரிங் இருந்தால் நல்லது. வெறும் புஷ் வைத்தவை விலை குறைவு, ஆனால் பாரம் ஏறும்போது திணறும்.

பூட்டுடன் வரும் சிறு கப்பிகளில் பெட்ஸ்ல் நிறுவனத்தின் மைக்ரோ டிராக்‌ஷன் 85 கிராம், நானோ டிராக்‌ஷன் 53 கிராம். உயரமான பாறைச் சுவர்களில் நாள்கணக்கில் மூட்டை இழுப்பவர்களுக்கு அதே நிறுவனம் செய்யும் புரோ டிராக்‌ஷன் 265 கிராம். தினம் தினம் பெரும் சுமையை இழுக்கிறவருக்கு அந்த எடை நியாயமானது. நடக்காமல் போகக்கூடிய ஒரு விபத்துக்காக ஒன்றைச் சுமப்பவருக்கு 85 கிராமே சரி.

கடிக்கும் பல்

இந்தப் பூட்டுக் கப்பிகளில் கயிற்றைப் பிடிப்பது சின்னச் சின்னப் பற்கள். நிதானமாக ஏறும் பாரத்துக்கு அருமை. திடீரென்று ஆள் விழுந்து கயிறு வெடுக்கென இழுபட்டால் கதை மாறும். சுமார் 4 கிலோநியூட்டன் அளவிலேயே பற்கள் கயிற்றின் மேலுறையைக் கிழித்துவிடலாம். ஆகவே இது விழுபவரைத் தாங்கும் கருவி அல்ல. கயிற்றில் சேறோ பனியோ படிந்திருந்தால் பல் பிடிக்காமல் வழுக்கவும் செய்யும்.

இன்னொரு சங்கடம், பாரம் ஏறிய பிறகு கீழே இறக்க முடியாது. பூட்டை விடுவிக்க முதலில் கொஞ்சமாவது மேலே தூக்கியாக வேண்டும். மீட்கப்படுபவரின் கால் பாறையில் மாட்டிக்கொண்டால் அரை அடி இறக்குவதற்கே திண்டாட்டம். சாதாரணக் கப்பியோடு மெல்லிய கயிற்றில் புரூசிக் முடிச்சு போட்டால் பற்களின் ஆபத்து இல்லை, தளர்த்தவும் ஓரளவு வழி உண்டு. ஆனால் அந்த முடிச்சைப் பார்த்துக்கொள்ளவே ஒரு கை வேண்டும்.

பனி விளிம்பு என்ற வில்லன்

மேலே சொன்ன கணக்கெல்லாம் கயிறு காற்றில் தொங்கினால்தான் பொருந்தும். பனிப்பிளவில் ஆள் விழுந்ததும் கயிறு விளிம்புப் பனியை அறுத்துக்கொண்டு உள்ளே புதைந்துவிடும். அப்புறம் எத்தனை கப்பி மாட்டினாலும், இழுக்க இழுக்க கயிறு இன்னும் புதையுமே தவிர ஆள் நகர மாட்டார். இழுக்கத் தொடங்கும் முன் விளிம்பைச் சீராக்கி, பையையோ பனிக்கோடாரியையோ கயிற்றுக்கு அடியில் கொடுப்பது இதற்காகத்தான்.

இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது புதைந்த கயிற்றை அப்படியே விட்டுவிட்டு, மீதமுள்ள கயிற்றை மடக்கி, அடியில் கப்பி மாட்டி உள்ளே இறக்கும் முறையும் உண்டு. விழுந்தவர் அந்தக் கப்பியைத் தன் இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்கிறார். இதுதான் பாடப்புத்தகத்து இயங்கு கப்பி. 80 கிலோவுக்கு 42 கிலோ இழுக்க வேண்டும். மூன்றுக்கு ஒன்றைவிட அதிகம்தான். ஆனால் விழுந்தவரும் மறு கயிற்றைப் பிடித்துத் தன்னை இழுத்துக்கொள்ளலாம், புதுக் கயிறு புதையாமலும் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு நிபந்தனை: அவருக்கு நினைவு இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 17 அன்று அன்னபூர்ணாவில் சுமார் 6,000 மீட்டர் உயரத்தில் இந்திய வீரர் அனுராக் மாலூ பனிப்பிளவுக்குள் விழுந்தபோது, மேலிருந்து எதை இறக்கியும் பயனில்லை. மூன்று நாள் கழித்து, போலந்து வீரர் ஆடம் பியலெட்ஸ்கி பிளவுக்குள் இறங்கிய பிறகே மாலூ உயிரோடு இருப்பது தெரிந்தது.