வெளிச்சத்துக்கு உறவு உண்டு

ஹவாய்த் தீவுகளின் இரவு வெளிச்சங்களைப் பூமியின் சக்திக் கோடுகளோடு முடிச்சுப்போடும் பேச்சு நம் நண்பர்களிடையேயும் நடமாடுகிறது. இதை ஆழமான பார்வை என்கிறார்கள். எனக்கு இது வெறும் சோம்பேறித்தனம் என்றே படுகிறது.

முதலில் கோடு. இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்ட்ஷயரில் புராதனச் சின்னங்கள் நேர்கோட்டில் அமைந்திருப்பதாக 1921-ல் ஆல்ஃபிரெட் வாட்கின்ஸுக்குத் தோன்றிற்று. அவருக்கு அவை பழங்கால வியாபாரிகளின் நடைபாதைகள். சக்தி கிக்தி ஒன்றுமில்லை. அந்தச் சரக்கைப் பரப்பியது 1969-ல் வெளியான ஜான் மிச்செலின் புத்தகம். வரைபடத்தில் புள்ளிகள் போதிய அளவு இருந்தால் கோடு தானாகக் கிடைக்கும். ஓர் ஆங்கிலேயரின் பொழுதுபோக்கு இப்போது பசிபிக் கடலின் ரகசியம்.

இனி வெளிச்சம். ஹவாய் மக்கள் சொல்லும் அக்குவாலேலே, அதாவது பறக்கும் தெய்வம், வானில் போகும் தீப்பந்து. அது சும்மா போவதில்லை. ஒருவன் தன் பகைவனை நோக்கி ஏவியது. வாய்விட்டுத் திட்டினால் வெடித்துச் சிதறும் என்பார்கள். ஹுவாகாய் போ என்னும் இரவு ஊர்வலத்தில் இறந்துபோன தலைவர்களும் வீரர்களும் தீவட்டிகளோடு பழைய பாதையில் நடக்கிறார்கள். எதிர்ப்படுகிறவன் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும், பார்த்தால் சாவு. ஆனால் ஊர்வலத்தில் அவனுடைய மூதாதை ஒருவர் இருந்து, இவன் என்னுடையவன் என்று சொல்லிவிட்டால் பிழைத்தான்.

ஏவியவன், ஏவப்பட்டவன், பகை, வசவு, உறவு. கதையின் உயிர் இவற்றில் இருக்கிறது. சக்திக் கோட்டில் யாரும் யாருக்கும் உறவில்லை, பகையுமில்லை. ஆட்களை அப்புறப்படுத்திவிட்டு வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் காரியம் அந்தத் தீவுகளுக்குப் புதிதல்ல. 1893-ல் அரசியைக் கவிழ்த்தார்கள். 1898-ல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. கஹோலாவே தீவை 1941 முதல் 1990 வரை அமெரிக்கப் படைகள் குண்டுவீசிப் பழகும் இடமாக வைத்திருந்தன. 1976-ல் ஹவாய் மக்கள் சிலர் தடையை மீறி அங்கே போய் இறங்கினார்கள். பூமிக்குள் சக்தி ஓடுகிறது என்று நிரூபிக்க அல்ல. இது எங்களுடையது என்று சொல்ல. ஊர்வலத்து மூதாதை சொல்லும் அதே வார்த்தை.

பிறருடைய தெய்வங்களைக் கடன் வாங்கி நானும் ஒரு காலத்தில் கவிதைகள் எழுதியவன்தான். அவற்றில் வெளிச்சம் நிறைய இருந்தது, ஆள் இல்லை. மர்மம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஊர்வலத்தில் நமக்காகப் பேச யாரும் இல்லை. எதிர்ப்பட்டால் குப்புறப் படுத்துக்கொள்வதே மரியாதை.