தொந்தி கரைய எத்தனை நிமிடம் நடக்க வேண்டும்?

இரவு ஷிப்டு முடிந்துவிட்டது. சேரப்பணஞ்சேரியில் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. சீருடை அணிந்த வாலிபர் ஒருவர் இறங்குகிறார். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். ஆனால் சட்டைப் பொத்தான் வயிற்றருகே தெறித்து விழுவதுபோல் நிற்கிறது.

அறைக்குப் போய்ப் படுக்க வேண்டிய நேரம் அது. அவரோ படுக்கவில்லை. பூட்சை மாற்றிக்கொண்டு ஓடப் புறப்படுகிறார்! ஒரே மாதத்தில் 10 கிலோ இறங்க வேண்டுமாம். சபதம் போட்டிருக்கிறார்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இப்படிப்பட்ட வாலிபர்கள் பலர் உண்டு. அவர்களுடைய ஆசை நல்ல ஆசை. வழிதான் தவறு. தூக்கத்தைத் திருடி ஓடினால் தொந்தி கரையாது.

தூக்கத்தின் வேலை

அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2010-ல் வெளிவந்தது. உடல் பருத்த 10 பேருக்கு அளவான சாப்பாடு கொடுத்தார்கள். 14 நாள் எட்டரை மணி நேரம் படுக்கவைத்தார்கள். இன்னொரு 14 நாள் ஐந்தரை மணி நேரம் மட்டும் படுக்கவைத்தார்கள். இரண்டு முறையும் சாப்பாடு ஒன்றேதான். இறங்கிய எடையும் ஏறக்குறைய ஒன்றே, சுமார் 3 கிலோ.

ஆனால் நன்றாகத் தூங்கியபோது கரைந்த கொழுப்பு 1.4 கிலோ. தூக்கம் குறைந்தபோது கரைந்தது 0.6 கிலோ மட்டுமே! மீதி, தசை முதலியவற்றிலிருந்து போயிற்று. பசியும் அதிகமாயிற்று.

ஆகவே, இரவு ஷிப்டு பார்த்தவர் முதலில் தூங்க வேண்டும். நடை பிறகு.

சரி, எவ்வளவு நடப்பது?

வாரத்துக்கு 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை நடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. உடல் நலத்துக்குப் பொதுவாகச் சொன்ன அளவு இது. எடை இறங்க வேண்டுமானால் மேல் எல்லையை ஒட்டிப் போக வேண்டும். 116 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2024-ல் வெளிவந்தது. வாரம் 300 நிமிடம் வரை, நேரம் கூடக்கூட எடை இறங்கியது. 150 நிமிடத்துக்குக் குறைந்தால் இடுப்புச் சுற்றளவில் சொல்லும்படியான பலன் இல்லை.

தினம் 45 நிமிடம், வாரம் 6 நாள். மொத்தம் 270 நிமிடம் ஆகிவிட்டது! சேர்ந்தாற்போல் நடக்க முடியாதவர்கள் 15 நிமிடமாக மூன்று முறை நடக்கலாம். அதுவும் கணக்கில் சேரும்.

நடை என்றால் கடைவீதியில் வேடிக்கை பார்த்துக்கொண்டு போவது அல்ல. பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும்; பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் வேகம். ஓடுகிறவர்களுக்குப் பாதி நேரம் போதும். ஆனால் கனத்த உடம்போடு திடீரென்று ஓடினால் முழங்கால் சும்மா இருக்காது. நெஞ்சு வலி, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஓடக் கூடாது.

"எட்டு மணி நேரம் மிஷின் முன்னால் நிற்கிறேனே, அது போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். போதாது. நிற்பதால் கால் வலிக்கும். கொழுப்பு அவ்வளவாகக் கரையாது.

பரோட்டா கணக்கு

70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 300 கலோரி எரியும். கடைப் பரோட்டா ஒன்றில், அளவைப் பொறுத்து, 200 முதல் 300 கலோரி வரை இருக்கிறது. ஒரு மணி நேர நடையை ஒரு பரோட்டா விழுங்கிவிடுகிறது! சால்னா தனி. ஷிப்டு இடைவேளையில் குடிக்கும் சர்க்கரை போட்ட டீயும் தனி.

ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. நடையை மட்டும் நம்பினால் ஒரு கிலோ இறங்க ஒரு மாதத்துக்கு மேலாகும். மாதம் 10 கிலோ என்ற சபதம் எங்கே நிற்கிறது, பாருங்கள்! இரவில் ஒரு பரோட்டா குறைத்து, அரைத் தட்டுச் சோற்றின் இடத்தில் காய்கறியும் சுண்டலும் வைத்தால், நடையின் பலன் தங்கும்.

எடை இறங்கவில்லையே என்று நடையை நிறுத்திவிடுவதும் தவறு. லண்டனில் மாடி பஸ் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு, டாக்டர் ஜெரி மாரிஸ் 1953-ல் எழுதினார். டிரைவர் உட்கார்ந்தே இருந்தார். கண்டக்டர் நாள் முழுதும் மாடிப்படி ஏறி இறங்கினார். மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாகவே வந்தது. தராசு முள் அசையாவிட்டாலும் நடப்பவரின் இதயத்துக்கு லாபம் உண்டு. இடுப்பை நாடாவால் அளப்பது இன்னும் நல்லது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டினால் எச்சரிக்கை.

எங்கே நடப்பது?

இதுதான் பெரிய கேள்வி. கண்டெய்னர் லாரிகள் பறக்கும் சாலையில், விளக்கில்லாத ஓரத்தில், விடுதியில் தங்கியிருக்கும் பெண் தொழிலாளி எப்படி நடப்பாள்? "நட, நட" என்று அவளுக்குப் புத்தி சொல்வது சுலபம்!

தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம், நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்துக் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளி பஸ் பிடித்துப் போயா நடப்பார்? அவர் தங்கும் இடத்தருகே பாதை வேண்டும். தொழிற்பேட்டைகளில் லாரி போக அகலமான ரோடு போட இடம் கிடைத்தது. மனிதன் நடக்க ஆறடிப் பாதைக்கு இடம் கிடைக்காதா? நான்கு விளக்குக் கம்பமும் நிழலுக்கு வேப்ப மரமும் வைக்கக் கம்பெனிகளுக்குப் பெரிய செலவும் ஆகாது.

அந்தப் பாதை வரும்வரை, கம்பெனி வளாகத்துக்குள்ளேயே ஷிப்டு தொடங்குமுன் 15 நிமிடமும், சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிடமும் நடக்க அனுமதி கொடுக்கலாம். உள்ளே விளக்கு இருக்கிறது. காவலும் இருக்கிறது.