உச்சி வெயிலில் என்னங்க சைக்கிள் ரேஸ்?

"இப்பல்லாம் டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருது டாக்டர். கேட்டா, 'சைக்கிள்ல போயிட்டு வந்தேன், பசிக்கலை'ங்கறார். நீங்களே கேளுங்க!"

ராயபுரத்தில் என் எதிரே உட்கார்ந்து ஒரு பெண்மணி இப்படிப் படபடத்தார். பக்கத்தில் கணவர். வயது நாற்பத்தாறு. எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஆபீஸ் வேலை. நெஞ்செரிச்சல், சிறுநீர்க் கடுப்பு, தொடையிடுக்கில் படர்தாமரை. கேட்டால் மூன்றும் தனித்தனி வியாதி மாதிரிதான் தோன்றும். நாடி பார்த்து, மெதுவாக விசாரித்த பிறகுதான் மூன்றுக்கும் ஒரே வேர் என்று புரிந்தது. மதியம் ஒரு மணிக்கு நடக்கிற சைக்கிள் ரேஸ்!

விவரம் இதுதான். அவர்கள் ஆபீஸில் ஏழெட்டுப் பேர். ஆளுக்கொரு கியர் சைக்கிள், ஹெல்மெட், உடம்போடு ஒட்டுகிற நைலான் உடுப்பு. சாப்பாட்டு மணி அடித்ததும் கிளம்பி, எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் நாற்பது நிமிஷத்தில் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்புவார்கள். அதாவது மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகம்! மிச்சமிருக்கிற இருபது நிமிஷத்தில் முகம் கழுவி, சட்டை மாற்றி, இரண்டு வாய் சாப்பிட்டு, நாற்காலிக்கு வந்துவிட வேண்டும். ஸ்ட்ராவா என்று ஒரு கைபேசிச் செயலி இருக்கிறது. எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை யார் எத்தனை நொடியில் கடந்தார் என்று வரிசை போட்டுக் காட்டிவிடும். மதிய நேரத்தில் ஓட்டினால் 'லஞ்ச் ரைடு' என்று அதுவாகவே பெயர் சூட்டிவிடுமாம். லஞ்ச் எங்கே போயிற்று என்று மட்டும் அது கேட்பதில்லை!

சைக்கிளுக்கு நான் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். வடசென்னைக்காரன் எவனும் சைக்கிளுக்கு எதிரியாக இருக்க முடியாது. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1955-லிருந்து புல்லட் மோட்டார் சைக்கிள் செய்த என்ஃபீல்டு, தீப்பெட்டி செய்த விம்கோ, எண்ணூரில் அசோக் லேலண்டு... இத்தனை கம்பெனிக்கும் ஆட்கள் பெரும்பாலும் சைக்கிளில்தானே வந்தார்கள்? ஹாண்டில்பாரில் தூக்குச்சட்டி தொங்கும். சங்கு ஊதினால் தெரு முழுக்க மணிச்சத்தம். அந்த மனிதர்களில் சிலருக்கு இன்று எழுபது, எழுபத்தைந்து வயது. முழங்கால் வலிக்கு என்னிடம் வருகிறார்கள். ஆனால் நெஞ்சு இன்னும் கிண்ணென்று இருக்கிறது. அவர்கள் யாரையும் முந்துவதற்காக மிதித்ததில்லை. வேலைக்குப் போக மிதித்தார்கள். காலையில் போய், வெயில் தாழ்ந்து வந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிட்டார்கள்.

அந்தச் சாப்பாட்டு நேரம் சும்மா வந்ததல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரு தொழிலாளியிடம் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. வயிற்றுக்கும் உடம்புக்கும் என்று சட்டம் போட்டு வாங்கிய நேரம் அது. அதைக் கொண்டுபோய் இன்னொரு வேலைக்கு, அதுவும் ஆபீஸ் வேலையைவிடக் கடுமையான வேலைக்குக் கொடுப்பதற்குப் பெயர் ஓய்வா?

சித்த மருத்துவத்தில் உச்சிப்பொழுது அழலின் பொழுது. பித்தம் தானாகவே ஓங்கி நிற்கும். வயிற்றில் தீ எரிவது அப்போதுதான். அதற்குச் சோறு போட வேண்டும். நீங்கள் சோற்றைப் போடாமல், வெளியே வெயில், உள்ளே ஆத்திரம், காலில் வேகம் என்று மூன்று விறகை அடுக்குகிறீர்கள். இதை இங்கிலீஷ் வைத்தியத்தின் பாஷையில் சொன்னாலும் கணக்கு ஒன்றுதான். வேகமாக மிதிக்கும்போது ரத்தம் தொடைத் தசைக்கும், உடம்பைக் குளிர வைக்கத் தோலுக்கும் ஓடுகிறது. குடலுக்குப் போகிற ரத்தம் குறைகிறது. இறங்கின பத்தாவது நிமிஷம் சாம்பார் சாதத்தை அள்ளிப் போட்டால் வயிறு என்ன செய்யும்? எதுக்களிக்கும், எரியும், சில பேருக்கு வாந்தியே வரும். தொடர்ந்து செய்தால் குன்மத்துக்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

இதைவிட முக்கியமான ஒன்று. பாளையங்கோட்டையில் நாங்கள் படிக்கும்போது மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்வார்கள் - பதினான்கு வேகங்கள். பசி, தாகம், தூக்கம், தும்மல், சிறுநீர், இளைப்பு என்று உடம்பு தானாகக் கிளப்புகிற உந்துதல்கள். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது சித்தர்களின் முடிவு. பந்தயம் என்றால் என்ன? பசியை அடக்கு, தாகத்தை அடக்கு, இளைப்பை அடக்கு, அடக்காதவன் தோற்றான்! அவ்வளவுதானே? பதினான்கில் மூன்றை ஒரே மூச்சில் அடக்குகிற விளையாட்டை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

"எங்க உடம்பு எங்களுக்குத் தெரியாதா சார்?" என்று அந்தக் கோஷ்டியில் ஒரு இளைஞர் கேட்டார். தெரியும் தம்பி. ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் உடம்பு சொல்வது காதில் விழாது. டாம் சிம்சன் என்று ஒரு வீரர். இங்கிலாந்துக்காரர். 1965-ல் சைக்கிள் சாலைப் பந்தயத்தில் உலக சாம்பியன். 1967 ஜூலை 13-ம் தேதி, பிரான்ஸில் டூர் டி ஃபிரான்ஸ் பந்தயம். கொளுத்தும் வெயிலில் மோன் வாந்து மலை மேலே ஏறும்போது தள்ளாடி விழுந்தார், இறந்துபோனார். வயது 29. பரிசோதனையில் ஊக்க மருந்தும் தெரியவந்தது. வெயிலும், நீர் வற்றியதும், மருந்தும் சேர்ந்து கொன்றன. உலக சாம்பியனுக்கே எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. சர்க்கரையும் பிரஷரும் உள்ள நாற்பத்தாறு வயது குடும்பஸ்தர் எந்த மூலைக்கு?

நம் ஊர் வெயிலோ பிரான்ஸ் வெயில் மாதிரி இல்லை. 2003 மே 31-ம் தேதி சென்னையில் 45 டிகிரி போனதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். டிகிரி கூடப் பரவாயில்லை, புழுக்கம்தான் எமன். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலோரக் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். உடம்பு குளிராது, ஆனால் தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருக்கும். இந்த மாதிரி மிதித்தால் மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை சாதாரணம். சிறுநீர் மஞ்சளாகி, கடுத்து, நாளடைவில் கல்லடைப்பில் கொண்டுபோய் விடும். சித்திரை, வைகாசியில் என்னிடம் வருகிற கல்லடைப்புக்காரர்கள் பாதிப் பேர் தண்ணீர் குடிக்க மறந்தவர்கள்தான்.

படர்தாமரை சமாசாரமும் இதே வியர்வைதான். ஒட்டுகிற உடுப்பில் நனைந்து, குளிக்க வசதியில்லாமல், அதன் மேலேயே பேன்ட்டைப் போட்டுக்கொண்டு மாலை ஆறு மணிவரை ஏசியில் உட்கார்ந்தால் வேறென்ன வரும்? சீமை அகத்தி இலைக் களிம்பு தருகிறேன், கேட்கும். ஆனால் மறுநாளும் அதே ஈர உடுப்பு என்றால் களிம்பு பாவம் என்ன செய்யும்!

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை இழுக்கிறோம். வேகமாக மிதித்தால் அதைப் போல் பத்து மடங்கு, அதுவும் மூக்கு என்கிற வடிகட்டியைத் தாண்டி வாய் வழியாக. எந்தக் காற்றை? 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது அதில் மணலியும் இருந்தது. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் அமோனியா நெடியில் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்களே, அதே கரைதான் இவர்களுக்குப் பந்தயத் திடல்! வீடு அங்கே இருப்பவர்கள் வேறு வழியில்லாமல் அந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்கள். நாம் ஏன் வலியப் போய்ப் பத்து மடங்கு குடிக்க வேண்டும்?

கூடவே கன்டெய்னர் லாரிகள். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும், திடீரென்று நகரும். அந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிற டிரைவருக்கு இடப்பக்கம் ஒட்டி வருகிற சைக்கிள் தெரியவே தெரியாது. பந்தயக்காரர்கள் காற்றின் எதிர்ப்பு குறையட்டும் என்று ஒருவர் பின்சக்கரத்தை ஒட்டி இன்னொருவர் ஓட்டுகிறார்கள். முன்னால் போகிறவர் ஒரு பள்ளத்தைப் பார்த்து பிரேக் போட்டால்? எழுதவே கை நடுங்குகிறது.

எனக்கு இதில் மிகவும் உறுத்திய விஷயம் வேறு. கோஷ்டியில் மேனேஜரும் உண்டு. கடைசியில் வருகிறவர் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம். மேனேஜர் "வாய்யா" என்றால் கீழே வேலை பார்க்கிறவர் "இன்னிக்கு முடியலை சார்" என்று சொல்வாரா? மயக்கம் வருகிறது என்று நடுவழியில் நிற்பாரா? நிற்க மாட்டார். மறுநாள் ஆபீஸ் முழுக்கக் கிண்டல் ஓடும். அந்தக் கணவரிடம் "ஏன் விடாமல் போறீங்க?" என்றேன். மனைவியை ஒரு தடவை பார்த்துவிட்டு, "வயசாயிடுச்சுன்னு நினைச்சிடுவாங்க டாக்டர்" என்றார். இதற்கு என் மருந்துப்பெட்டியில் சூரணம் கிடையாது.

அவர்கள் பக்க நியாயமும் எனக்குப் புரிகிறது. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். மாலையில் டிராஃபிக். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தொப்பை வேறு. "வேற நேரம் எங்க சார் இருக்கு?" என்பது பொய்யான கேள்வி இல்லை. நான்கு பேர் சேர்ந்து சிரித்துக்கொண்டு போவதில் இருக்கிற சந்தோஷமும் ஒரு மருந்துதான்.

அதனால் நான் சொல்வது இது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். ஈசிஆரில் எத்தனையோ குழுக்கள் அப்படித்தான் போகின்றன. போட்டியை அங்கே வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வார நாட்களில் மதியம்தான் முடியும் என்றால் மார்கழி, தை, மாசியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கம்பெனி வளாகத்துக்குள்ளேயே இருபது நிமிஷம், பக்கத்தில் வருகிறவரோடு மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டு ஓட்டுகிற வேகத்தில். உடற்பயிற்சிக்குப் பாதி பலம்தான் அளவு என்று ஆயுர்வேதமும் சொல்கிறது. பங்குனி பிறந்துவிட்டால் உச்சி வெயிலில் சைக்கிளைத் தொடாதீர்கள். சாப்பிட்டபின் நிழலில் சிறு நடை போதும். தேரையர் நோயணுகாவிதியில் சொன்னதும் அதுதான்.

கிளம்புமுன் ஒரு டம்ளர் நீர்மோர், வந்ததும் நன்னாரியோ பானகமோ. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பானகம் ஆகாது, சீரகத் தண்ணீர் குடிக்கலாம். பிரஷர் உள்ளவர்கள் மோரில் உப்பைக் குறையுங்கள். வந்து அரை மணியாவது ஆறின பிறகு சாப்பாடு. அந்த அரை மணி இல்லை என்றால் அன்று சைக்கிள் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மதியச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு மிதிக்கவே கூடாது. சர்க்கரை சடாரென்று இறங்கி லாரிச் சக்கரத்தின் முன்னால் விழ நேரலாம். நாற்பதைத் தாண்டியவர்கள் முதலில் இதய டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். சித்த வைத்தியன் இப்படிச் சொல்கிறானே என்று ஆச்சரியப்பட வேண்டாம்.

யாராவது தலைசுற்றி, உளறி, தோல் நெருப்பாகக் கொதித்துக் கீழே உட்கார்ந்தால் கஷாயம் தேடாதீர்கள். நிழலில் படுக்க வைத்து, உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தவறியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு ஸ்டான்லிக்குப் போங்கள்.

கம்பெனிகளுக்கும் ஒன்று. சைக்கிள் கோஷ்டியைப் போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டில் மாட்டுகிறீர்கள், சந்தோஷம். இரண்டு குளியலறை கட்டிக் கொடுங்கள். அந்த மேனேஜரை ரேஸிலிருந்து விலக்குங்கள். அப்புறம், உங்கள் கேட்டுக்குள் இன்றும் பழைய சைக்கிளில் வருகிற கான்ட்ராக்ட் ஆட்கள் இருக்கிறார்கள் அல்லவா? இருட்டில் ஷிஃப்ட் முடிந்து அதே லாரிகளுக்கு நடுவில் போகிறவர்கள். ஹெல்மெட்டும் பின்விளக்கும் முதலில் அவர்களுக்கு வாங்கிக் கொடுங்கள்.